கமலா ஹாரிஸும் குடியேறிகளின் உரிமையும்: இருபது ஆண்டுக் கணக்கு

2024 நவம்பரில் நடந்த அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக நின்று தோற்றவர் கமலா ஹாரிஸ். அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் அவர் நான்கு பதவிகளை வகித்தார்: சான் பிரான்சிஸ்கோ மாவட்ட அரசு வழக்கறிஞர், கலிபோர்னியா மாநில அட்டர்னி ஜெனரல், செனட்டர், துணை அதிபர். குடியேறிகளின் உரிமையிலும் தனிமனித சுதந்திரத்திலும் அவர் எந்தப் பக்கம் நின்றார் என்ற கேள்வி தேர்தல் முழுக்க ஓயாமல் எழுந்தது. எல்லையைத் திறந்துவிட்டவர் என்றது குடியரசுக் கட்சி. ஆட்களைச் சிறைக்கு அனுப்பியே மேலே வந்தவர் என்றனர் இடதுசாரிகளில் பலர். இரு தரப்புக்கும் அவருடைய பழைய ஆவணங்களிலேயே ஆதாரம் கிடைத்தது. ஒவ்வொரு பதவியிலும் அவர் கையிலிருந்த அதிகாரம் வேறு. பதில் சொல்ல வேண்டியிருந்த மக்கள் வேறு. அவர் எடுத்த நிலையும் அதற்கேற்ப மாறிக்கொண்டே வந்தது.

ஹாரிஸ் 1964-ல் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் பிறந்தார். தாய் சியாமளா கோபாலன் 19 வயதில், 1958-ல், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றவர். பின்னாளில் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியாளர். தந்தை டொனால்டு ஹாரிஸ் ஜமைக்காவிலிருந்து வந்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியரானவர். கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டக் களத்தில் இருவருக்குமே பங்கு இருந்தது. தாய்வழித் தாத்தா பி.வி. கோபாலன், திருவாரூர் மாவட்டம் மன்னார்குடியை அடுத்த துளசேந்திரபுரத்தைச் சேர்ந்தவர். இந்திய அரசு அதிகாரியான அவர், 1960-களில் சாம்பியாவில் அகதிகள் தொடர்பான பணிக்கு அனுப்பப்பட்டார். துளசேந்திரபுரம் தர்ம சாஸ்தா கோயிலின் நன்கொடையாளர் பெயர்ப் பலகையில் கமலாவின் பெயரும் இருக்கிறது.

அதிகாரம் யாரிடம்?

இந்தக் கணக்கைப் பார்ப்பதற்கு முன் அமெரிக்க அதிகாரப் பங்கீட்டைத் தெரிந்துகொள்வது நல்லது. யார் நாட்டுக்குள் வரலாம், யாரை வெளியேற்றலாம் என்பதை முடிவு செய்வது மத்திய அரசு. கைது செய்யும் காவல்துறையும், பெரும்பாலான குற்றங்களில் வழக்கு நடத்தும் வழக்கறிஞர்களும் மாநில, உள்ளூர் நிர்வாகத்தின் கீழ் வருகிறார்கள். இந்தியாவில் அரசு வழக்கறிஞரை அரசாங்கம் நியமிக்கிறது. கலிபோர்னியாவில் மாவட்ட அரசு வழக்கறிஞர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். மாநில அட்டர்னி ஜெனரலும் அப்படியே. ஆகவே, ஆவணமில்லாத குடியேறி ஒருவர் உள்ளூர்க் காவலரிடம் சிக்கினால், அவரை மத்திய குடியேற்ற அமலாக்கத் துறையான ‘ஐஸ்’ வசம் ஒப்படைப்பதா வேண்டாமா என்பது உள்ளூர் அரசியல் பிரச்சினையாகிவிடுகிறது. ஹாரிஸின் பொது வாழ்க்கை தொடங்கியது இந்தப் புள்ளியில்தான்.

சான் பிரான்சிஸ்கோ: 2004–2011

மரண தண்டனை கேட்க மாட்டேன் என்று வாக்குறுதி கொடுத்து ஜெயித்த ஹாரிஸ், 2004 ஜனவரியில் மாவட்ட அரசு வழக்கறிஞராகப் பொறுப்பேற்றார். மூன்றே மாதத்தில் சோதனை வந்தது. ஏப்ரலில் இளம் காவலர் ஒருவர் பணியில் சுட்டுக் கொல்லப்பட்டார். குற்றவாளிக்கு மரண தண்டனை கோரப்போவதில்லை என்று சில நாட்களிலேயே ஹாரிஸ் அறிவித்தார். காவலரின் இறுதிச் சடங்கிலேயே, இந்த வழக்கு மரண தண்டனைக்கு உரியது என்று செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் பேசினார். கூடியிருந்த காவலர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஹாரிஸ் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால், காவலர் சங்கங்களோடு உண்டான அந்தப் பகையை ஆற்ற அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

2005-ல் ‘பேக் ஆன் ட்ராக்’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். முதல்முறை போதைப்பொருள் விற்றுப் பிடிபட்ட இளைஞர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு, படித்து, வேலையில் சேர்ந்து, சமூக சேவையும் முடித்தால் வழக்கு பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். திட்டத்துக்கு நல்ல பெயர் கிடைத்தது. ஆனால், சட்டப்படி வேலைக்குச் சேர முடியாத ஆவணமற்ற குடியேறிகள் சிலரும் அதில் இருந்தது பின்னர் தெரியவந்தது. அவர்களில் ஒருவர் வழிப்பறி வழக்கில் சிக்கியதும் விவகாரம் பெரிதானது. அது திட்டத்தின் குறை என்று ஒப்புக்கொண்ட ஹாரிஸ், விதிகளைத் திருத்தினார்.

சான் பிரான்சிஸ்கோ 1989 முதல் ‘புகலிட நகரம்’ என்ற சட்டத்தைக் கடைப்பிடித்துவருகிறது. குடியேற்றத் துறைக்காக நகர ஊழியர்கள் ஆள்பிடிக்கக் கூடாது என்பது அதன் சாரம். குற்றம் நடந்தால் பயமில்லாமல் காவல் நிலையம் வர முடிகிற குடியேறிகளால் ஊருக்கே பாதுகாப்பு என்பது அதன் பின்னாலிருந்த நியாயம். 2008-ல் ஆவணமற்ற குடியேறி ஒருவர் ஒரு தந்தையையும் இரு மகன்களையும் சுட்டுக்கொன்றதாகக் கைதானார். சிறுவனாக இருந்தபோதே கைதாகியிருந்தும் அவரைப் பற்றி மத்திய அரசுக்குத் தகவல் போகவில்லை என்று தெரிந்ததும் நகரம் கொதித்தது. பெருங்குற்றச் சந்தேகத்தில் கைதாகும் ஆவணமற்ற சிறார்களை, குற்றம் நிரூபணமாகும் முன்பே, ‘ஐஸ்’ துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மேயர் கேவின் நியூசம் விதியை மாற்றினார். ஹாரிஸ் அதை ஆதரித்தார். தீர்ப்புக்கு முன்பே சிறுவர்களைப் பெற்றோரிடமிருந்து பிரித்து நாடுகடத்த இது வழிவகுக்கும் என்று குடியேறிகள் அமைப்புகள் எதிர்த்தன. இந்த விதியை இன்னும் நியாயமாக நடைமுறைப்படுத்தியிருக்கலாம் என்று 2019-ல் அவருடைய பிரச்சாரக் குழு விளக்கம் சொன்னது.

கலிபோர்னியா: 2011–2017

2010 தேர்தலில் மயிரிழையில் வென்று அட்டர்னி ஜெனரலான பிறகு, குடியேறிகள் விஷயத்தில் ஹாரிஸின் போக்கு தெளிவானது. அப்போது மத்திய அரசில் ‘செக்யூர் கம்யூனிட்டீஸ்’ என்ற திட்டம் நடந்துகொண்டிருந்தது. உள்ளூரில் யாரைக் கைது செய்தாலும் அவருடைய கைரேகை குடியேற்றத் துறைக்குப் போகும். சந்தேகம் வந்தால், விடுதலைக்குரிய நேரத்துக்குப் பிறகும் அவரை 48 மணி நேரம் பிடித்துவைக்கச் சொல்லி ‘ஐஸ்’ கடிதம் அனுப்பும். அது கட்டளை என்றே பெரும்பாலான ஷெரிஃப்கள், அதாவது மாவட்டக் காவல் தலைவர்கள், நினைத்தார்கள். அது வெறும் கோரிக்கைதான்; ஏற்பதும் மறுப்பதும் உள்ளூர் நிர்வாகத்தின் விருப்பம் என்று 2012 டிசம்பரில் ஹாரிஸ் மாநிலக் காவல் அமைப்புகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். அடுத்த ஆண்டே, சிறு குற்றங்களில் சிக்கியவர்களை அப்படிப் பிடித்துவைப்பதைக் கட்டுப்படுத்தும் ‘டிரஸ்ட்’ சட்டம் நிறைவேறியது. 2017-ல் வந்த கலிபோர்னியா விழுமியங்கள் சட்டம் அந்தப் பாதுகாப்பை மேலும் விரிவாக்கியது.

இதே காலத்தில் வந்ததுதான் செர்ஜியோ கார்சியா வழக்கு. மெக்சிகோவில் பிறந்து கைக்குழந்தையாக அமெரிக்கா வந்து, இடையில் திரும்பிப் போய், 17 வயதில் மறுபடி கலிபோர்னியா வந்தவர் அவர். தந்தை முறைப்படி விண்ணப்பித்திருந்தும் கிரீன் கார்டு வரிசையில் பல ஆண்டுகளாகக் காத்திருந்தார். அதற்குள் சட்டம் படித்து, வழக்கறிஞர் தேர்விலும் தேறிவிட்டார். ஆவணமில்லாத ஒருவருக்கு வழக்கறிஞர் உரிமம் தரலாமா என்று மாநில உச்ச நீதிமன்றம் கருத்துக் கேட்டது. தரலாம் என்று ஹாரிஸ் 2012-ல் மனு தாக்கல் செய்தார். கூடாது என்று ஒபாமா அரசின் நீதித்துறை எதிர் மனு போட்டது. மாநிலம் தனிச் சட்டம் இயற்றாமல் இத்தகைய உரிமம் தர 1996-ன் மத்தியச் சட்டம் இடம் கொடுக்காது என்பது அதன் வாதம். கலிபோர்னியா சட்டமன்றம் 2013-ல் அப்படியொரு சட்டத்தையே இயற்றிவிட்டது. 2014 ஜனவரி 2 அன்று கார்சியாவுக்கு உரிமம் வழங்கலாம் என்று தீர்ப்பு வந்தது. சொந்தக் கட்சியின் அதிபருக்கு எதிராகவே ஹாரிஸ் நின்ற வழக்கு இது.

2014 கோடையில் மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான சிறுவர்கள் பெற்றோர் துணையின்றி எல்லைக்கு வந்தார்கள். குடியேற்ற நீதிமன்றத்தில் அரசுச் செலவில் வழக்கறிஞர் கிடைக்காது. குழந்தைக்கும் அதே விதிதான். பெரிய சட்ட நிறுவனங்களை அழைத்துக் கட்டணமின்றி இந்தச் சிறுவர்களுக்கு வாதாடும்படி ஹாரிஸ் கேட்டுக்கொண்டார். மாநில அரசும் இந்த உதவிக்காக 30 லட்சம் டாலர் ஒதுக்கியது.

தனிமனித சுதந்திரத்தில் கணக்கு இவ்வளவு நேராக இல்லை. ஒருபாலினத் திருமணத்தைத் தடை செய்த ‘எட்டாம் முன்மொழிவு’ என்ற மாநில அரசியல் சாசனத் திருத்தத்துக்காக வாதாட அவர் மறுத்துவிட்டார். 2013 ஜூனில் தடை விலகியபோது, சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தில் முதல் திருமணத்தை அவரே நடத்திவைத்தார். அதே ஹாரிஸ், கலிபோர்னியாவின் மரண தண்டனை நடைமுறை அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று மத்திய நீதிபதி ஒருவர் 2014-ல் தீர்ப்பளித்தபோது மேல்முறையீடு செய்தார். மரண தண்டனையைத் தனிப்பட்ட முறையில் எதிர்த்தாலும், மாநிலச் சட்டத்தைக் காப்பது பதவியின் கடமை என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டது. ஒரு சட்டத்துக்காக வாதாட மறுக்க முடிந்தவரால் இன்னொன்றுக்கு ஏன் மறுக்க முடியவில்லை என்று விமர்சகர்கள் கேட்டார்கள்.

சிறை நெரிசலைக் குறைக்க உச்ச நீதிமன்றம் 2011-ல் உத்தரவிட்ட பிறகும் மாநில அரசு கால அவகாசம் கேட்டுக்கொண்டே இருந்தது. காட்டுத் தீ அணைக்கும் கைதிகள் குறைந்துவிடுவார்கள் என்பதும் விடுதலைக்கு எதிராக ஹாரிஸின் அலுவலக வழக்கறிஞர்கள் வைத்த வாதங்களில் ஒன்று. அது வெளியானதும், தன் அலுவலகம் அப்படி வாதிட்டதை அறிந்து அதிர்ந்தேன் என்றார் அவர். அடிக்கடி பள்ளிக்கு வராத பிள்ளைகளின் பெற்றோரைத் தண்டிக்க வழிசெய்த சட்டத்தையும் அவர் முன்னின்று ஆதரித்தார். அதன்கீழ் சில மாவட்டங்களில் பெற்றோர் கைதானதற்காகப் பின்னர் வருத்தம் தெரிவித்தார். காவலர்கள் சுட்டு மரணம் நேரும் வழக்குகளை மாநில அளவில் தனியாக விசாரிக்க வேண்டும் என்று 2015-ல் வந்த மசோதாவை அவர் ஆதரிக்கவில்லை. மறுபுறம், காவலில் நேரும் மரணங்களின் விவரங்களைப் பொதுமக்கள் பார்க்கும்படி ‘ஓப்பன் ஜஸ்டிஸ்’ என்ற இணையதளத்தை அதே ஆண்டில் தொடங்கியதும் அவர்தான்.

அறக்கட்டளைகள் தங்கள் பெரிய நன்கொடையாளர்களின் பெயர்ப் பட்டியலை மாநில அரசுக்குத் தர வேண்டும் என்ற விதியை ஹாரிஸ் கண்டிப்பாக அமல்படுத்தினார். மோசடியைக் கண்டுபிடிக்க அது தேவை என்பது அரசின் வாதம். ரகசியமாக இருக்க வேண்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் அலுவலகத்தின் கவனக்குறைவால் இணையத்தில் வெளியாகியிருந்தது அந்த விதியை எதிர்த்து வந்த வழக்கில் தெரியவந்தது. வழக்குத் தொடுத்தது பழமைவாத அமைப்பு. ஆனால், அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் போன்ற தாராளவாத அமைப்புகளும் அதே பக்கம் நின்றன. காரணம், உறுப்பினர் பட்டியலைக் கேட்டு அலபாமா மாநிலம் கறுப்பின உரிமை அமைப்பை நெருக்கியபோது, 1958-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த பாதுகாப்பு இதில் பலவீனமாகிவிடும் என்ற அச்சம். 2021-ல் உச்ச நீதிமன்றத்தில் 6–3 என்ற கணக்கில் கலிபோர்னியா தோற்றது.

செனட்: 2017–2021

ஹாரிஸ் செனட்டரான அதே மாதத்தில் டொனால்டு டிரம்ப் அதிபரானார். எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்த இந்த நான்கு ஆண்டுகள்தான் குடியேறிகளுக்காக அவர் மிக உரத்துக் குரல் கொடுத்த காலம். இஸ்லாமியர் பெரும்பான்மையாக வாழும் ஏழு நாட்டவருக்கு டிரம்ப் தடை போட்டபோது, விமான நிலையங்களில் பயணிகள் வழக்கறிஞரைச் சந்திக்கவும் முடியாமல் தடுத்துவைக்கப்பட்டார்கள். அப்படித் தடுக்கப்படுவோருக்கு வழக்கறிஞரை அணுகும் உரிமை கோரியதே ஹாரிஸ் செனட்டில் கொண்டுவந்த முதல் மசோதா. பிரதிநிதிகள் சபையில் இதே முயற்சியை நடத்தியவர் சென்னையில் பிறந்த பிரமீளா ஜெயபால். அங்கே நிறைவேறியும் அது சட்டமாகவில்லை.

சிறுவயதில் பெற்றோரோடு வந்து ஆவணமின்றி வளர்ந்தவர்களை அமெரிக்காவில் ‘டிரீமர்கள்’ என்கிறார்கள். 2012-ல் ஒபாமா அவர்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பு அளித்தார். 2017 செப்டம்பரில் டிரம்ப் அதை ரத்து செய்வதாக அறிவித்தார். பயனடைந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் கலிபோர்னியாவில் இருந்தார்கள். 2018 பிப்ரவரியில் இரு கட்சி உறுப்பினர்களும் சேர்ந்து ஒரு சமரசத் திட்டம் வைத்தனர்: 18 லட்சம் டிரீமர்களுக்குக் குடியுரிமைக்கான வழி, பதிலுக்கு எல்லைச் சுவர் உள்ளிட்ட காவலுக்கு 2,500 கோடி டாலர். தேவையான 60 வாக்குகள் கிடைக்காமல் 54–45 என்ற நிலையில் அது விழுந்தது. சுவருக்குப் பணம் தர முடியாது என்று எதிர்த்து வாக்களித்த ஒருசில ஜனநாயகக் கட்சியினரில் ஹாரிஸும் ஒருவர்.

அதே ஆண்டு எல்லையில் 5,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த கொள்கையை அவர் கடுமையாகத் தாக்கினார். சான் டியாகோ அருகிலுள்ள ஓட்டே மேசா தடுப்பு முகாமுக்கு நேரில் போய் தாய்மார்களிடம் பேசினார். ‘ஐஸ்’ துறையை அடிப்படையிலிருந்தே மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கலாம் என்றார்.

தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றை நேரடியாகத் தொட்ட முயற்சி ஒன்றும் இந்தக் காலத்தில் நடந்தது. வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுகளில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது என்பது விதி. அதனால் ஹெச்-1பி விசாவில் போன இந்தியப் பொறியாளர்கள் பத்தாண்டுகளுக்கும் மேலாகக் காத்திருக்கிறார்கள். அந்த உச்சவரம்பை நீக்க, குடியரசுக் கட்சியின் மைக் லீயுடன் சேர்ந்து 2019-ல் ஹாரிஸ் மசோதா கொண்டுவந்தார். இரு சபைகளும் வெவ்வேறு வடிவில் நிறைவேற்றியும், இரண்டையும் இணைத்து முடிக்கும் முன் அவையின் காலம் முடிந்துவிட்டது.

தனிமனித சுதந்திரத்திலும் செனட்டில் அவர் பழைய அரசு வழக்கறிஞராக இல்லை. வெளிநாட்டவரை நீதிமன்ற வாரண்ட் இல்லாமல் ஒட்டுக்கேட்க உளவுத் துறைக்கு அனுமதி தரும் 702-ஆவது பிரிவின்கீழ், அமெரிக்கர்களின் உரையாடல்களும் சேர்ந்து சிக்குகின்றன. அவற்றைப் படிக்க வாரண்ட் தேவை என்ற திருத்தத்தை ஃபைன்ஸ்டைனோடு இணைந்து முன்வைத்தார். அது ஏற்கப்படாததால், 2018 ஜனவரியில் அந்தப் பிரிவை நீட்டிக்கும் மசோதாவை எதிர்த்து வாக்களித்தார். பணம் கட்ட முடியாத ஏழைகள் விசாரணைக்கு முன்பே சிறையில் கிடக்கும் ஜாமீன் முறையை மாற்ற, குடியரசுக் கட்சி செனட்டர் ராண்ட் பாலுடன் மசோதா கொண்டுவந்தார். கும்பல் கொலையை மத்தியச் சட்டப்படி தனிக் குற்றமாக்க, சக செனட்டர்கள் கோரி புக்கர், ஸ்காட் ஆகியோருடன் முயன்றார். அத்தகைய சட்டம் 2022-ல்தான் வந்தது.

2019-ல் அதிபர் வேட்பாளர் தேர்வுக்கு முதன்முறை போட்டியிட்டபோது அவர் இன்னும் ஒருபடி இடப்பக்கம் நகர்ந்தார். அனுமதியின்றி எல்லை தாண்டுவதைக் குற்றமாகக் கருதாமல் சிவில் மீறலாகக் கையாள வேண்டும் என்றார். குடிமை உரிமைகள் சங்கத்தின் கேள்வித்தாளில், தடுப்புக்காவலிலுள்ள குடியேறிகளுக்குப் பாலின மாற்றச் சிகிச்சை தரவும் சம்மதம் தெரிவித்தார். அன்று அதிகம் பேசப்படாத அந்தப் பதில், 2024-ல் டிரம்ப் தரப்பின் மிகப் பிரபலமான தொலைக்காட்சி விளம்பரத்துக்குக் கருவாகியது.

துணை அதிபரும் வேட்பாளரும்: 2021–2024

2021 மார்ச்சில் அதிபர் பைடன், குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சல்வடோர் நாடுகளிலிருந்து மக்கள் ஏன் கிளம்புகிறார்கள் என்ற அடிப்படைக் காரணங்களைக் கவனிக்கும் பணியை ஹாரிஸிடம் கொடுத்தார். எல்லைக் காவல் அவர் பொறுப்பில் இல்லை. இருந்தும் ‘எல்லையின் அதிகாரி’ என்ற பட்டத்தை எதிர்க்கட்சி சூட்டிவிட்டது. ஜூன் மாதம் குவாத்தமாலாவில், அமெரிக்க எல்லைக்கு வர நினைப்பவர்களைப் பார்த்து ‘வராதீர்கள்’ என்று அவர் சொன்னது அவருடைய கட்சிக்குள்ளேயே கண்டனத்தைக் கிளப்பியது. எல்லைக்கு வந்து புகலிடம் கேட்பது சட்டபூர்வமான உரிமை என்று அதே கட்சியின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் நினைவூட்டினார். தனியார் நிறுவனங்களிடமிருந்து அந்த மூன்று நாடுகளுக்கு 500 கோடி டாலருக்கு மேல் முதலீட்டு வாக்குறுதிகளை ஹாரிஸ் பெற்றார். ஆனால், அதற்குள் வெனிசுலா போன்ற வேறு நாடுகளிலிருந்து வருவோர் பெருகினார்கள். 2023 டிசம்பரில் மட்டும் தெற்கு எல்லையில் ஏறக்குறைய 2,50,000 பேர் பிடிபட்டார்கள்.

2024 பிப்ரவரியில் புகலிட விதிகளை இறுக்கும் இரு கட்சி மசோதா செனட்டில் தோற்றது. டிரம்ப் அதை எதிர்த்திருந்தார். ஜூன் மாதம், எல்லை தாண்டுவோர் எண்ணிக்கை நாளொன்றுக்குச் சராசரியாக 2,500-ஐத் தாண்டினால் புகலிட விண்ணப்பத்தை நிறுத்திவைக்கும் ஆணையைப் பைடன் பிறப்பித்தார். 2019-ல் ஹாரிஸ் ஆமோதித்துப் பதிலளித்த அதே குடிமை உரிமைகள் சங்கம், இப்போது அவர் அங்கம் வகித்த அரசின்மீது வழக்குப் போட்டது. செனட்டில் அவர் எதிர்த்த 702-ஆவது பிரிவும், வாரண்ட் நிபந்தனை இல்லாமலேயே, அதே ஆண்டு ஏப்ரலில் பைடனின் கையெழுத்தோடு நீட்டிக்கப்பட்டது.

ஜூலையில் பைடன் போட்டியிலிருந்து விலகியதும் ஹாரிஸ் வேட்பாளரானார். தோற்றுப்போன எல்லை மசோதாவை மீண்டும் கொண்டுவந்து கையெழுத்திடுவேன் என்று சிகாகோ மாநாட்டில் அறிவித்தார். சுவருக்கென ஏற்கெனவே ஒதுக்கிய 65 கோடி டாலரைச் செலவிடும் ஏற்பாடும் அந்த மசோதாவில் இருந்தது. சட்டவிரோதமாக எல்லை தாண்டினால் விளைவு இருக்க வேண்டும் என்றார். செப்டம்பரில் அரிசோனாவின் டக்ளஸ் எல்லைக்குப் போய் புகலிடக் கட்டுப்பாட்டை மேலும் இறுக்குவதாகவும் சொன்னார். நீண்ட காலமாக ஆவணமின்றி வாழ்பவர்களுக்குக் குடியுரிமை வழி வேண்டும் என்ற கோரிக்கையை அவர் கைவிடவில்லை. தன்னுடைய விழுமியங்கள் மாறவில்லை என்பதே கேள்விகளுக்கு அவர் அளித்த பதில்.

நவம்பர் 5 தேர்தலில் 312-க்கு 226 என்ற தேர்வாளர் வாக்குக் கணக்கில் அவர் தோற்றார். அமெரிக்கக் குடிமக்களின் ஆவணமற்ற வாழ்க்கைத் துணைகளுக்கு நாட்டிலிருந்தபடியே விண்ணப்பிக்க அனுமதி தந்த பைடன் அரசின் திட்டத்தை, தேர்தல் முடிந்த இரண்டாம் நாள் டெக்சாஸ் மத்திய நீதிபதி ரத்து செய்தார். வாஷிங்டனில் குடியேறிகளுக்காக ஹாரிஸ் முன்வைத்த பெரிய மசோதாக்கள் எதுவும் சட்டமாகவில்லை. நிலைத்தவை கலிபோர்னியாவில் நடந்தவை: அவருடைய சுற்றறிக்கையைத் தொடர்ந்து வந்த மாநிலச் சட்டங்கள், ஆவணமில்லாதவருக்கும் வழக்கறிஞர் உரிமம் உண்டு என்ற தீர்ப்பு.